பதிவேட்டில் இல்லாத பட்டறைகள்: சிறு தொழில் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் அமைச்சகத்தின் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும்,

கொரோனா பொதுமுடக்கத்தால் நாட்டில் எத்தனை சிறு தொழிற்கூடங்கள் மூடப்பட்டன என்று 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மூடப்பட்ட நிறுவனங்களின் விவரம் தங்களிடம் பராமரிக்கப்படுவதில்லை என்று உங்கள் அமைச்சகம் பதில் அளித்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் இதே கேள்விக்கு ஓர் எண்ணிக்கையைத் தரத் தொடங்கினீர்கள். ஆனால் அது, 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்யம் என்ற அரசின் சிறு தொழில் பதிவுத் தளத்தில் பதிவு செய்து, பிறகு அந்தப் பதிவை நீக்கிக்கொண்டவர்களின் எண்ணிக்கை. பொதுமுடக்கம் தொடங்கியது 2020 மார்ச் 25. அந்தத் தேதிக்கும் ஜூலை 1-க்கும் இடையில் ஷட்டரை இழுத்துப் பூட்டியவர்கள் எந்தத் தளத்தில் போய்ப் பதிவை நீக்கியிருப்பார்கள்? அதற்குப் பிறகு மூடியவர்களில்தான், கடன் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற எத்தனை பேர் ஒரு சான்றிதழை ரத்து செய்வதற்காகக் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள்? இப்படி ஒரு கணக்கு, எங்களுக்கு நேர்ந்ததன் கணக்காக நாட்டின் முன் வைக்கப்படுவதை என்னால் பேசாமல் ஏற்க முடியவில்லை.

நான் கோயம்புத்தூரில், கணபதி பகுதியில், கூலிக்கு இயந்திர வேலை செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறேன். எங்கள் ஊரில் இதை ஜாப் ஒர்க் என்போம். பம்ப்செட் நிறுவனமோ வாகன உதிரிபாக நிறுவனமோ வார்ப்படங்களை அனுப்பும். நாங்கள் அவற்றை லேத்தில் கடைந்து, துளையிட்டு, வரைபடத்தில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்புவோம். பொருள் அவர்களுடையது, இயந்திரமும் கைப்பாடும் எங்களுடையவை, உருப்படிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. ஆவாரம்பாளையம், பீளமேடு, சின்னவேடம்பட்டி, குறிச்சி என்று எந்தப் பக்கம் போனாலும், வீட்டின் முன்புறத்திலோ வாடகைக் கொட்டகையிலோ இப்படிப்பட்ட பட்டறைகளைப் பார்க்கலாம். ஒருவர் இம்பெல்லர் மட்டும் கடைவார், அடுத்தவர் ஷாஃப்ட் மட்டும் கிரைண்டிங் செய்வார், அதற்கடுத்த வீட்டில் பெண்கள் உட்கார்ந்து மோட்டாருக்குக் காப்பர் வைண்டிங் செய்வார்கள். பெரிய நிறுவனத்தின் பெயர்த்தகடு ஒட்டப்பட்டு வயலுக்குப் போகும் ஒரு பம்ப்செட், அதற்கு முன் இப்படிப் பல தெருக்களைக் கடந்து வந்திருக்கும். அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2015-16-இல் எடுத்த கணக்கின்படி நாட்டில் இப்படிப் பதிவுபெற்ற கம்பெனியாக இல்லாத குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் ஏறத்தாழ 6.34 கோடி, அவற்றை நம்பி உழைப்பவர்கள் ஏறத்தாழ 11 கோடிப் பேர். அந்த 6.34 கோடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குறு நிறுவனங்கள். நான் பேசுவது இவர்களைப் பற்றித்தான்.

அரசு உதவியே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. உதவிகள் அறிவிக்கப்பட்டன, அவற்றில் சில பெரிய உதவிகள். ஆனால் ஒவ்வோர் உதவியும் ஏதாவது ஒரு பதிவேட்டின் வழியாகவே வந்தது: வங்கியின் கடன் பதிவேடு, பி.எஃப். பதிவேடு, இ.எஸ்.ஐ. பதிவேடு. நான்கு பேரையும் ஆறு பேரையும் வைத்து வேலை வாங்கும் பட்டறை இவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பதில்லை. சட்டத்தை மீறி ஒளிந்துகொண்டதால் அல்ல. அந்தச் சட்டங்களே எங்களை வெளியில் வைத்திருப்பதால். என் முறையீடு முழுவதும் இந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது. மற்றவை இதற்கான சான்றுகள்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் நாடு மூடப்பட்டது. பெருந்தொற்றைத் தடுக்க மூடியாக வேண்டியிருந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு பட்டறையை நான்கு மணி நேர அவகாசத்தில் மூட முடியாது என்பதை அந்த முடிவை எடுத்தவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். இயந்திரம் சும்மா நின்றால் செலவில்லை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் எண்ணம். லேத்தின் படுகையில் எண்ணெய்ப் பூச்சு காய்ந்தால் துரு ஏறும்; படுகை கெட்டால் அதன் பிறகு அந்த இயந்திரத்தில் அளவு நிற்காது. தொட்டியில் தேங்கிய கூலன்ட், அதாவது கடையும்போது குளிர்விக்க ஊற்றும் திரவம், ஓரிரு வாரத்தில் அழுகி நாறும். கணினி கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. இயந்திரத்தில் அதன் அமைப்பு விவரங்களை நினைவில் வைத்திருக்க ஒரு சிறிய பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாமல் நீண்ட நாள் கிடந்து அந்த பேட்டரி இறங்கிவிட்டால் எல்லா விவரமும் அழிந்துபோகும், சர்வீஸ் என்ஜினியர் வந்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஊரடங்கில் அவர் எப்படி வருவார்? மே மாதத்தில் கட்டுப்பாடுகளுடன் திறக்க அனுமதி கிடைத்தபோது எங்கள் தெருவில் பலருக்கு முதல் வேலை பழுதுபார்ப்பதாகத்தான் இருந்தது. கையில் காசு இல்லாத நேரத்தில் வந்த செலவு அது.

ஆர்டர்களும் இல்லை. 2020 ஏப்ரலில் நாட்டின் மிகப் பெரிய கார் நிறுவனம் உள்நாட்டில் ஒரு வண்டிகூட விற்கவில்லை. அந்தக் காலாண்டில் நாட்டின் உற்பத்தித் துறை 39 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது என்று அரசின் புள்ளிவிவரமே அப்போது சொன்னது. மேலே ஒரு நிறுவனம் நின்றால் கீழே எத்தனை பட்டறைகள் நிற்கும் என்பதை இந்தச் சதவீதம் காட்டாது. பம்ப்செட்டுக்கு மார்ச் முதல் மே வரைதான் விற்பனைக் காலம். விவசாயி கிணற்றில் தண்ணீர் இறங்கும்போதுதான் மோட்டார் மாற்றுவார். அந்த மூன்று மாதமும் போனது ஓராண்டு போனதற்குச் சமம்.

மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது: மூடிய காலத்துக்கும் தொழிலாளர்களுக்குப் பிடித்தமின்றி முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். நோக்கத்தில் குறை காண மாட்டேன். எங்களிடம் வேலை செய்பவர்கள் வாரச் சம்பளம் வாங்குபவர்கள். சனிக்கிழமை கூலி வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிவது சிரமம் என்பது எங்களுக்கும் தெரியும், ஏனென்றால் எங்களில் பெரும்பாலோர் அதே லேத்தில் அதே வாரக் கூலிக்கு நின்று பிறகு பட்டறை போட்டவர்கள். ஆனால் உத்தரவைப் போட்ட அரசு அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கையாவது தருவதாகச் சொல்லவில்லை. மே 18 முதல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. சம்பளத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேசினோம். பாதிச் சம்பளம், அரிசி, மளிகை, முன்பணம் என்று அவரவர் சக்திக்கு ஏற்பச் செய்தோம். வார்ப்படச் சாலைகளில் வேலை செய்துவந்த பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் போனதால் காஸ்டிங் வரத்து நின்று, திறந்த பிறகும் எங்களுக்கு வேலை வரவில்லை.

சம்பளத்துக்கு அரசு உதவியே இல்லையா என்றால், இருந்தது. நூறு பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களில், தொண்ணூறு சதவீதத்தினர் 15,000 ரூபாய்க்குக் கீழ் சம்பளம் பெறுபவர்களாக இருந்தால், தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் சேர்த்து 24 சதவீத பி.எஃப். தொகையை 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அரசே கட்டியது. நல்ல திட்டம். ஆனால் பி.எஃப். சட்டம் பொருந்துவது இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கு. வேலை இழந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. வழியாக ஊதியத்தில் பாதியைத் தொண்ணூறு நாள் வரை தரும் திட்டம் தளர்த்தப்பட்டது. அதுவும் நல்ல திட்டம்தான். இ.எஸ்.ஐ. பொருந்துவது பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கு. என் பட்டறையில் பத்துப் பேர் இல்லை; எங்கள் தெருவில் எந்தப் பட்டறையிலும் இல்லை. வீட்டிலிருந்தே வைண்டிங் செய்யும் பெண்களை எந்தச் சட்டத்தின் கீழ் தேடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆக, சம்பளத்துக்காக வந்த இரண்டு உதவிகளும் எங்கள் தலைக்கு மேலேயே போய்விட்டன.

அடுத்தது கடன். 2020 மே 13 அன்று நிதியமைச்சர் சிறு தொழில்களுக்கு மூன்று லட்சம் கோடி ரூபாய் பிணையில்லாக் கடன் அறிவித்தார். அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் என்ற அந்தத் திட்டத்தின் விதி, 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் உள்ள கடன் நிலுவையில் 20 சதவீதத்தைக் கூடுதல் கடனாகத் தருவது. அப்படியானால் வங்கிக் கடனே வாங்காமல் சொந்தச் சேமிப்பில் பழைய லேத் வாங்கிப் போட்டவருக்குக் கிடைப்பது என்ன? பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தான். வங்கி கதவைத் திறக்காததால் தனியாரிடம் வாரத் தவணைக்கு வாங்கியவருக்கும் அதே பூஜ்யம். இன்னொரு நிபந்தனையும் இருந்தது: அந்தத் தேதியில் தவணை 60 நாளுக்கு மேல் தவறியிருக்கக் கூடாது. 2019 முழுவதும் வாகனத் துறை படுத்துக் கிடந்ததை இந்த அமைச்சகம் மறந்திருக்காது. உதிரிபாக வேலையை நம்பியிருந்த பட்டறைகள் பெருந்தொற்று வருவதற்கு முன்பே தவணை கட்ட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தன. யாருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்ததோ அவர்களுக்குத்தான் அந்தக் கதவு மூடியிருந்தது.

இந்தத் திட்டத்தால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 மார்ச் வரை 1.19 கோடிக் கடன்களுக்கு, 3.68 லட்சம் கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தரப்பட்டது. என் பட்டறைக்கும் கிடைத்தது, ஏனென்றால் சி.என்.சி. இயந்திரத்துக்காக நான் வங்கியில் கடன் வாங்கியிருந்தேன். கிளையில் வாரக்கணக்கில் அலையவிட்டார்கள். தானாகக் கிடைக்கும் கடன் என்று அறிவிக்கப்பட்டதற்குக் கூடுதல் ஆவணங்கள் கேட்டார்கள். கடைசியில் பணம் வந்தது. வந்த பணம் எங்கே போனது என்று சொல்கிறேன். பாக்கியிருந்த சம்பளத்துக்கும், கொட்டகை வாடகைக்கும், மின் கட்டணத்துக்கும், தவணை ஒத்திவைப்பில் சேர்ந்துபோன வட்டிக்கும் போனது. ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையை ஒத்திவைத்தது என்றாலும் அந்த ஆறு மாத வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது; உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் தள்ளுபடியானது வட்டிக்கு மேல் ஏறிய வட்டி மட்டுமே. புதிய இயந்திரத்துக்கோ புதிய வேலைக்கோ அந்தக் கடனில் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. சம்பாதிக்க முடியாமல் போன மாதங்களுக்காக, பின்னால் சம்பாதிக்கப்போவதை அடகு வைத்தோம் என்பதே உண்மை. பழைய தவணையோடு புதிய தவணையும் சேர்ந்து, ஓராண்டு சலுகைக் காலம் முடிந்து கட்ட வேண்டிய நேரம் வந்தபோது எங்கள் ஊரில் இரண்டாம் அலை வந்து முடிந்திருந்தது.

வங்கிக் கதவு மூடியிருந்த பட்டறைக்காரர்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரை என்றிருந்த நகைக் கடன் வரம்பை 2021 மார்ச் வரை 90 சதவீதமாக உயர்த்தியது. எங்கள் தெருவை உடனே, முழுமையாக வந்தடைந்த தளர்வு அது ஒன்றுதான். நாட்டின் உற்பத்தித் துறையின் அடிமட்டத்தை அந்த ஆண்டில் தாங்கிப் பிடித்தவை எங்கள் வீட்டுப் பெண்களின் தாலிக்கொடியும் வளையலும். அவற்றில் எத்தனை மீட்கப்பட்டன, எத்தனை ஏலத்துக்குப் போயின என்ற கணக்கும் எந்த அமைச்சகத்திலும் இருக்காது.

இப்போது எங்களை எல்லாவற்றையும்விட ஆழமாகக் காயப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். பெருந்தொற்றுக்கு முன் முடித்துக் கொடுத்த வேலைக்கான பணம்.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடைந்து கொடுத்த வேலைக்கான பில்கள் பொதுமுடக்கம் தொடங்கியபோது கட்டாக நிலுவையில் நின்றன. அந்தப் பணத்துக்கான பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது, டெலிவரி சலானில் கையெழுத்து இருக்கிறது, ஜி.எஸ்.டி. கணக்கையும் தாக்கல் செய்துவிட்டோம், அதாவது வராத பணத்துக்கான வரி எங்கள் கையிலிருந்து போய்விட்டது. எனக்கு வேலை கொடுத்துவந்த ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கேட்டபோது, மேலிடத்திலிருந்து எல்லாப் பேமென்ட்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். பிறகு ஃபோனை எடுப்பதை நிறுத்தினார்கள். திறந்த பிறகு பாதியை ஒரு தவணையாகவும் மீதியைச் சில்லறை சில்லறையாகவும் கொடுத்தார்கள். ஒரு பகுதியை, பழைய தரக் குறைபாடு என்று காரணம் காட்டிக் கழித்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்களின் மொத்த லாபம் அந்த நிதியாண்டில் உயர்ந்தது என்பது எல்லோரும் படித்த செய்தி. நெருக்கடியில் பெரியவர்கள் தங்கள் கைப்பணத்தைக் காத்துக்கொண்ட வழிகளில் ஒன்று, சிறியவர்களின் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டது. வட்டியில்லாமல், பிணையில்லாமல், விண்ணப்பமே இல்லாமல் எங்களிடமிருந்து அவர்கள் பெற்ற கடன் அது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, எந்த ஒப்பந்தமானாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி என்கிறது 16-ஆம் பிரிவு. பணம் தாமதமானால் புகார் கொடுக்க 2017-இல் அரசின் சமாதான் இணையதளமும் வந்தது. ஆனால் அந்தத் தளத்தில் புகார் கொடுக்கும் நாளில் என் பட்டறைக்கு அந்த நிறுவனத்திடமிருந்து வரும் வேலை நின்றுவிடும். அவர்களிடம் வேலை வாங்கும் மற்ற நிறுவனங்களுக்கும் செய்தி போய்விடும். ஆறு பேர் பிழைப்பு ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருக்கும்போது அவர் மேல் புகார் கொடு என்று சொல்வது, கொடுக்க முடியாத தைரியத்தைக் கேட்பது. 2020 மே மாதத்தில் நிதியமைச்சர், மத்திய அரசும் பொதுத்துறை நிறுவனங்களும் சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பாக்கியை 45 நாளில் தரும் என்று அறிவித்தார். தனியார் பெருநிறுவனங்களைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வரவில்லை. கோவை ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு வேலை தருபவர்களில் பெரும்பாலோர் தனியார்கள்தான்.

இதைவிடக் கடுமையான ஒன்று அதே 2020 மார்ச் 24 அன்று நடந்தது. திவால் சட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தின் மேல் நடவடிக்கை கோர, அதுவரை ஒரு லட்சம் ரூபாய் பாக்கி இருந்தால் போதும். அந்த வரம்பு அன்று ஒரு கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிறு தொழில்களைத் திவால் வழக்குகளிலிருந்து காக்கவே இந்த உயர்வு என்று விளக்கம் சொல்லப்பட்டது. சிறு தொழில் யாருக்காவது கடன்பட்டிருக்கும் என்று மட்டுமே நினைத்து எடுத்த முடிவு அது. சிறு தொழிலுக்கும் மற்றவர்கள் கடன்பட்டிருப்பார்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எங்களில் பெரும்பாலோருக்கு ஒரே நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய பாக்கி ஒருபோதும் ஒரு கோடியைத் தொடாது. வழக்குப் போடுவோம் என்பது எங்கள் கையில் இருந்த ஒரே பிடி. வக்கீல் நோட்டீஸ் போனாலே பல இடங்களில் பணம் வந்துவிடும். எங்களைக் காப்பதற்காக என்று சொல்லி அந்தப் பிடியை எடுத்துவிட்டீர்கள். பெருந்தொற்றைக் காரணமாக வைத்துப் புதிய திவால் வழக்குகளுக்கு விதித்திருந்த இடைநிறுத்தம் 2021 மார்ச்சில் முடிந்தது; ஒரு கோடி வரம்பு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

2020 செப்டம்பருக்குப் பிறகு ஆர்டர்கள் திரும்பத் தொடங்கியபோது விலை எங்களைத் தாக்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் சர்வதேசச் சந்தையில் டன்னுக்கு ஐயாயிரம் டாலருக்குக் கீழே இருந்த செம்பு, 2021 மே மாதத்தில் பத்தாயிரத்தைத் தாண்டியது. இரும்பும், வார்ப்படத்துக்கு உருக்கும் பிக் அயர்ன் என்ற கச்சா இரும்பும் அதே வழியில் ஏறின. சொந்தமாக பம்ப் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள், ஒப்புக்கொண்ட விலைக்குப் பொருளைக் கொடுக்க முடியாமல் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தன. அவர்கள் நின்றபோது அவர்களுக்கு வேலை செய்துவந்த நாங்களும் நின்றோம். இரண்டாம் அலையில், மருத்துவமனைகளுக்காக 2021 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்கான ஆக்சிஜன் நிறுத்தப்பட்டது. கேஸ் கட்டிங் செய்யும் பட்டறைகள் தங்களிடமிருந்த சிலிண்டர்களையும் கொடுத்தன. உயிர் காக்க அது தேவை என்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை. மே மாத இறுதியில் தினசரித் தொற்று எண்ணிக்கையில் சென்னையையும் தாண்டி கோவை முதலிடத்துக்குப் போனது; மற்ற மாவட்டங்களுக்கு ஜூனில் கூடுதல் தளர்வு வந்தபோது கோவை உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்கு வரவில்லை. முதல் அலையின்போது கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. இரண்டாம் அலைக்கு நகையும் இல்லை.

பட்டறைகள் எப்படி மூடப்படுகின்றன என்று அறிய விரும்புவீர்களானால், ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார்; அந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு அளவு பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். கையால் தொட்டே படுகையில் எங்கே தேய்மானம் என்று சொல்வார். வங்கிக் கடன் வாங்கியதில்லை, பி.எஃப். எண் கிடையாது, உத்யம் பதிவு கிடையாது. 2021 ஜூலையில் அவர் தன் இரண்டு லேத்துகளை விற்றார். ஓடும் இயந்திரமாக வாங்க ஆள் கிடைக்கவில்லை, ஏனென்றால் அப்போது விற்பவர்கள்தான் நிறைய, வாங்குபவர்கள் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர் வந்து, பொருளைப் பிடித்துச் சுழற்றும் ‘சக்’ என்ற பாகத்தைத் தனியாகவும் மோட்டாரைத் தனியாகவும் கழற்றி வைத்துவிட்டு, படுகையைச் சம்மட்டியால் உடைத்து எடை போட்டார். முழுதாக ஏற்றினால் வண்டிக் கூலி அதிகம் என்பதால் அங்கேயே உடைத்தார். பெரியவர் கடைசி வரை பக்கத்தில் நின்று, எடையைத் தன் கையாலேயே நோட்டில் குறித்துக்கொண்டார். அவரிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் உணவு டெலிவரிக்குப் போனார், இன்னொருவர் காவலாளியானார். பத்து, பதினைந்து ஆண்டுகள் லேத்தில் நின்று தேறிய கை அது. இன்று ஆள் கிடைக்கவில்லை என்று கோவையில் எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. திறன் பயிற்சிக்கு அரசு கோடிக்கணக்கில் செலவிடுகிறது. தேறிய கைகள் எங்கே போயின என்று கேட்டவர்கள் இல்லை.

அவருடைய பட்டறை உங்கள் கணக்கில் மூடப்பட்டதாக இல்லை. திறந்திருந்ததாகவும் ஒருநாளும் இருந்ததில்லை.

உங்கள் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் மேற்கோள் காட்டிய, சிறு தொழில்களுக்கான வளர்ச்சி வங்கியான சிட்பியின் ஆய்வு, 2020-21-இல் 67 சதவீத நிறுவனங்கள் மூன்று மாதம் வரை மூடிக்கிடந்தன என்றது. அது ஆயிரத்துச் சொச்சம் நிறுவனங்களிடம் எடுத்த ஆய்வு. ஆறு கோடிக்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் கொண்ட ஒரு துறையின் வரலாறு காணாத இழப்புக்கு ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி போதும் என்று நீங்கள் உண்மையாகவே கருதுகிறீர்களா?

வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவை நாங்கள் வரவேற்றோம். குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய கெடுவுக்குள் பணம் தராவிட்டால் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்ற அந்த விதி, எங்களைப் புகார் கொடுக்கச் சொல்லாமலேயே எங்களுக்காகப் பேசுகிறது. அதன் பின்விளைவையும் சொல்ல வேண்டும்: உத்யம் சான்றிதழ் வைத்திருந்தால் வேலை தர யோசிப்போம் என்று எங்களிடம் வாய்மொழியாகச் சொன்னவர்கள் உண்டு. பதிவு செய்துகொண்டதால் வேலை போகும் என்றால், அடுத்த நெருக்கடியின்போதும் எங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை மூடப்பட்ட குறு உற்பத்தி நிறுவனங்களை நேரில் கணக்கெடுங்கள். மாவட்டத் தொழில் மையங்களிடம் அலுவலர்கள் இருக்கிறார்கள். எங்கள் பட்டறை உரிமையாளர் சங்கங்களிடம் பழைய உறுப்பினர் பட்டியல்கள் இருக்கின்றன. மின் வாரியத்திடம் துண்டிக்கப்பட்ட தொழில் மின் இணைப்புகளின் விவரம் இருக்கிறது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெருத் தெருவாகத் தெரிந்துவிடும். கோவையிலிருந்தே தொடங்கலாம். அதுவரை, உத்யம் பதிவை நீக்கிக்கொண்டவர்களின் எண்ணிக்கையை மூடப்பட்டவர்களின் எண்ணிக்கையாக நாடாளுமன்றத்தில் வைக்காதீர்கள்.

திவால் சட்டத்தின் ஒரு கோடி வரம்பை, பணம் வர வேண்டியவர் குறு அல்லது சிறு நிறுவனமாக இருக்கும் வழக்குகளுக்கு மட்டுமாவது பழையபடி ஒரு லட்சமாக்க நிறுவன விவகார அமைச்சகத்திடம் எழுத்துப்பூர்வமாகப் பரிந்துரை செய்யுங்கள்.

வாங்கியவர் 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அவர் எடுத்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது அந்தப் பில்லின் வரிக்காகத் தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையை, திருப்ப வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. விற்றவர் குறு நிறுவனமானால் அந்த 180 நாளை உங்கள் சொந்தச் சட்டம் சொல்லும் 45 நாளாக்க ஜி.எஸ்.டி. கவுன்சிலில் முன்மொழியச் செய்யுங்கள். நாங்கள் யார் மேலும் புகார் கொடுக்கத் தேவையில்லாமல் கணினியே கண்டுபிடித்துவிடும். உத்யம் பதிவு இருப்பதைக் காரணம் காட்டி வேலை மறுப்பதையும் சட்டப்படி தவறாக்குங்கள்.

பத்துப் பேருக்குக் கீழ் வேலை செய்யும் பட்டறைத் தொழிலாளர்களுக்கும், வீட்டிலிருந்து வைண்டிங் போன்ற வேலை செய்யும் பெண்களுக்கும், தொழில் கட்டாயமாக மூடப்படும் காலத்தில் ஊதியத்தில் பாதியையாவது நேரடியாக அவர்கள் வங்கிக் கணக்கில் செலுத்தும் ஒரு நிலையான ஏற்பாட்டை இப்போதே, நெருக்கடி இல்லாத காலத்திலேயே உருவாக்குங்கள். அது கடனாக இருக்கக் கூடாது. அதற்கான பதிவு பட்டறை உரிமையாளரின் பி.எஃப். எண்ணையோ கடன் கணக்கையோ சார்ந்ததாகவும் இருக்கக் கூடாது.

அவசரக் கடன் திட்டத்தில் வாங்கி, தொடர்ந்து கட்டிக்கொண்டு வந்து, இரண்டாம் அலையால் தவறிப்போன குறு நிறுவனங்களின் கணக்குகளைத் தனியாகப் பிரித்து, அபராத வட்டியை நீக்கி, மறுபடியும் கடன் பெறத் தகுதியுள்ளவர்களாக அவர்களை மாற்ற வங்கிகளுக்கு அறிவுறுத்தல் பெற்றுத் தாருங்கள்.

இந்த ஐந்து கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏற்காதவற்றுக்குக் காரணம் என்ன என்பதை வரும் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிவதற்குள் எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கெடுப்புக்கு அலுவலர்கள் கணபதிக்கு வருவார்களானால், தெருத் தெருவாக உடன் வந்து காட்ட நானும் என்னைப் போன்ற பட்டறைக்காரர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.